டிராக்டர் ஷெட்டுக்கு '300 வாட்' சோலார் விளக்கு போதாதா?

கேள்வி: 14 ஏப்ரல் 2024, காலை 9.10

வீட்டிலிருந்து 60 அடி தள்ளி டிராக்டர் ஷெட். ராத்திரியில் வண்டியை உள்ளே விட, ஸ்பேனர் தேட ஒரு விளக்கு வேண்டும், அவ்வளவுதான். ஆன்லைனில் '300 வாட்' சோலார் விளக்கு 899 ரூபாய்க்குக் கிடைக்கிறது. பேனல், பேட்டரி, சென்சார், ரிமோட் எல்லாம் ஒரே டப்பாவில். இங்கே கேட்டால் ஆளுக்கு ஆள் பேட்டரி வாங்கு, கன்ட்ரோலர் வாங்கு என்று பத்தாயிரத்துக்கு இழுத்து விடுகிறீர்கள். எனக்கு இந்த 899 ரூபாய் விளக்கே போதும் என்று தோன்றுகிறது. போதாது என்பவர்கள் ஏன் என்று சொல்லுங்கள்.

பதில்: 14 ஏப்ரல் 2024, இரவு 8.45

300 வாட் என்பதை மறந்துவிட்டு, அந்த டப்பாவின் மேல் இருக்கும் பேனலை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். விளம்பரத்தில் போட்டிருக்கும் அளவுப்படி 22 செ.மீ. நீளம், 14 செ.மீ. அகலம். அதாவது 0.03 சதுர மீட்டர். நல்ல உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் சுமார் 1000 வாட் விழும். நல்ல பேனல் அதில் 20 சதவீதத்தை மின்சாரமாக்கும். அப்படியென்றால் இந்தப் பேனல் தருவது 6 வாட். நம் ஊர் வெயிலுக்கு நாளைக்கு 5 மணி நேரம் முழு வெயில் என்று தாராளமாகக் கணக்கு வைத்தாலும் 30 வாட்-மணி, அதாவது 30 வாட் விளக்கு ஒரு மணி நேரம் எரியும் அளவு மின்சாரம்.

நிஜமாகவே 300 வாட் விளக்கு என்றால், நாள் முழுக்கச் சேர்த்த மின்சாரத்தில் ஆறு நிமிடம் எரியும். வண்டியை ஷெட்டில் விடுவதற்குள் அணைந்துவிடும்.

என் மாட்டுக்கொட்டாய்க்கு நான் போட்டது: 40 வாட் பேனல் ஒன்று, பேட்டரிக்குச் சார்ஜ் ஏறுவதைக் கட்டுப்படுத்த 10 ஆம்பியர் பிடபிள்யூஎம் (சாதாரண வகை) கன்ட்ரோலர், வீட்டில் சும்மா கிடந்த பழைய டிராக்டர் பேட்டரி. உங்களிடமும் டிராக்டர் இருக்கிறது, பழைய பேட்டரி ஒன்று மூலையில் கிடக்கும். அதை வைத்து ஆரம்பியுங்கள். புது பேட்டரிக்குக் காசு கொட்ட வேண்டாம்.

15 ஏப்ரல் 2024, காலை 6.20

பால் ஊற்றிவிட்டு வந்து எழுதுகிறேன். நேற்று விட்டுப்போனது.

நாங்கள் தருமபுரி மாவட்டம் அரூர் பக்கம். கொட்டாய் வீட்டிலிருந்து 200 அடி. நடுவில் ஊர் வண்டிப்பாதை. முதலில் ஈ.பி. ஒயரைத்தான் மேலே கட்டி இழுத்திருந்தோம். வைக்கோல் ஏற்றி வந்த லாரி இரண்டு தடவை அறுத்துக்கொண்டு போனது. இரண்டாம் தடவை அறுந்த ஒயர் ஈரத் தரையில் கிடந்தது. பக்கத்துக் காட்டுக்காரர் எருமை மிதித்து, அங்கேயே விழுந்துவிட்டது. மாட்டுக்கு நாலு காலும் தரையில். அதோடு மனிதனைவிடச் சின்ன ஷாக்கும் அதைச் சாய்த்துவிடும். அன்றைக்கு அப்பா சொன்னார்: "இனிமே கொட்டாய்க்குள்ள அந்தக் கரண்ட் வேணாம்." அதனால்தான் 12 வோல்ட்டுக்கு வந்தேன். காசு மிச்சம் பிடிக்க வரவில்லை.

ஆரம்பத்தில் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் 230 வோல்ட் எல்இடி பல்புகள் நாலு இருந்தன. அவை வீணாகக் கூடாதென்று ஒரு சின்ன இன்வெர்ட்டர் வாங்கிப் பேட்டரியில் மாட்டினேன். மூன்றாம் நாள் விடிகாலை கொட்டாய் இருட்டு. மல்டிமீட்டரைத் தொடரில் வைத்துப் பார்த்தால், ஒரு பல்பும் எரியாதபோதே இன்வெர்ட்டர் 0.8 ஆம்பியர் இழுக்கிறது. ராத்திரி 12 மணி நேரத்துக்கு அது கிட்டத்தட்ட 10 ஆம்பியர்-மணி.

விளக்குகளுக்கு எவ்வளவு வேண்டும்? பால் கறக்கும் இடத்தில் 7 வாட் இரண்டு, காலையும் மாலையும் சேர்த்து 4 மணி நேரம். அது 56. வாசலில் 3 வாட் ஒன்று விடிய விடிய. அது 36. மொத்தம் 92 வாட்-மணி, அதாவது 8 ஆம்பியர்-மணிகூட இல்லை. வேலை செய்த மாட்டைவிடச் சும்மா நின்ற மாடு அதிகம் தின்றிருக்கிறது. இன்வெர்ட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு 12 வோல்ட் டிசி பல்புகள் வாங்கினேன்.

15 ஏப்ரல் 2024, மதியம்

பிடபிள்யூஎம்முக்குப் பதில் விலை கூடிய எம்பிபிடி வகை கன்ட்ரோலர் வாங்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 40 வாட் பேனலுக்கு வேண்டாம். விவரம் இதுதான்: '12 வோல்ட்' என்று விற்கும் 36 செல் பேனல் தன் முழு வாட்டைத் தருவது 18 வோல்ட்டில். பிடபிள்யூஎம் அதைப் பேட்டரியின் 13 வோல்ட்டுக்கு இழுத்துவிடும். ஆம்பியர் அதே 2.2 தான். ஆக 40 வாட் பேனலில் கைக்கு வருவது 29 வாட். எம்பிபிடி அந்த மிச்சத்தில் பெரும்பகுதியை மீட்டுத் தரும். ஆனால் நல்ல எம்பிபிடி விலைக்கு இன்னொரு 40 வாட் பேனலே வாங்கி மாட்டிவிடலாம். பெரிய பேனல் என்றால் கதை வேறு.

21 ஏப்ரல் 2024

ஒயர் பற்றிய கேள்விக்கு வேறொரு இழையில் நான் எழுதிய பதிலைப் பார்த்து யாராவது ஒயர் வாங்கியிருந்தால் மன்னிக்கவும். கணக்கு தப்பு.

பேட்டரியைக் கொட்டாயில் வைக்காமல் மோட்டார் ரூமில் வைத்திருக்கிறேன். மூத்திர நெடிக்கு டெர்மினல் எல்லாம் பச்சை பூத்துவிடும், அதனால். மோட்டார் ரூமிலிருந்து கொட்டாய்க்கு 20 மீட்டர். 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயருக்கு ஒரு கிலோமீட்டருக்கு 12 ஓம். 20 மீட்டருக்கு 0.24 ஓம் என்று போட்டு, 1.4 ஆம்பியருக்கு 0.3 வோல்ட்தான் இறங்கும், பரவாயில்லை என்று எழுதியிருந்தேன்.

மின்சாரம் போனால் திரும்பி வர வேண்டாமா? போக 20, வர 20. மொத்தம் 40 மீட்டர். இறங்குவது 0.7 வோல்ட். 230 வோல்ட்டில் 0.7 போனால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் போனால் பல்பு முகம் வாடிவிடுகிறது. பேட்டரியும் இறங்கியிருக்கும் விடிகாலையில், அதாவது வெளிச்சம் அதிகம் வேண்டிய நேரத்தில், கூடுதலாக வாடும். 4 சதுர மி.மீ. ஒயர் மாற்றினேன். இப்போது 0.26 தான் இறங்குகிறது. ஒயர் விலை பேனல் விலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

இந்த இடத்தில் கேள்வி கேட்டவருக்கு ஒன்று. உங்கள் ஷெட் 60 அடிதான். நடுவில் பாதை இல்லை, மாடு இல்லை. வீட்டிலிருந்து பைப்புக்குள் ஒயர் விட்டு மண்ணில் புதைத்து, தனி ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே வெட்டிவிடும் சுவிட்ச்) ஒன்று போட்டு ஈ.பி. கரண்டே எடுத்துவிடுங்கள். சோலார் இழையில் வந்து இதைச் சொல்வதற்குத் திட்டு விழும். விழட்டும்.

22 ஏப்ரல் 2024

திட்டு விழுந்தது.

கணக்கு போட்டுப் பாருங்கள் அய்யா. நாளைக்கு 92 வாட்-மணி என்றால் வருஷத்துக்கு 34 யூனிட்டுக்கும் குறைவு. யூனிட் பத்து ரூபாய் என்று வைத்தாலும் 340 ரூபாய். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் வேறு. 340 ரூபாய் மிச்சம் பிடிக்கப் பத்தாயிரம் போடுகிறவன் கணக்கில் வீக். எனக்குக் காரணம் லாரியும் எருமையும். உங்களுக்கு என்ன காரணம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

5 மே 2024

பேனலை எந்தப் பக்கம் பார்த்து வைப்பது? தெற்கு. ஆனால் இந்த மாதம் மதியம் வெளியே போய் நின்று பாருங்கள், உங்கள் நிழல் தெற்கே விழும். அரூர் 12 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் 22 வாக்கில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, அப்புறம் வடக்கே போய், ஆகஸ்ட் 20 வாக்கில்தான் திரும்பத் தலைக்கு மேல் வருகிறது. இந்த நாலு மாதமும் மதிய வெயில் வடக்கிலிருந்து. அதற்காகப் பேனலை வடக்கே திருப்ப வேண்டாம். நம் ஊரில் சாய்வு 12, 15 டிகிரிதான் என்பதால் நஷ்டம் கொஞ்சம்தான். முழுசாகப் படுக்கவைத்துவிட்டால் மழைத்தண்ணீர் அழுக்கோடு தேங்கிக் காய்ந்து கீழ் ஓரத்தில் கோடு கட்டிவிடும்.

கொட்டாய்க் கூரை சிமென்ட் ஷீட். அதன் மேல் ஏறினால் ஷீட்டோடு நானும் மாட்டு மேல் விழுவேன். அதனால் தனியாக ஒரு ஜிஐ பைப் நட்டு, 10 அடி உயரத்தில் பேனலை மாட்டியிருக்கிறேன். தெற்கே 25 அடியில் பக்கத்துக் காட்டுப் புளியமரம் ஒன்று நிற்கிறது. 50 அடி இருக்கும். மார்ச்சிலிருந்து பார்க்கிறேன், அதன் நிழல் நம் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இடம் பார்த்து நட்டிருக்கிறேன் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

19 மே 2024

அக்னி நட்சத்திரம். இவ்வளவு வெயில் அடித்தும் மீட்டரில் வாட் குறைகிறது என்று ஒருவர் புலம்பியிருந்தார். பேனலுக்கு வெளிச்சம்தான் வேண்டும், சூடு ஆகாது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் போகும். மே மாதப் பேனலைத் தொட்டால் கை சுடும், 65 டிகிரி சாதாரணம். ஆறில் ஒரு பங்கு போயிற்று. பேனலுக்கும் ஷீட்டுக்கும் நடுவே காற்றுப் போக இடம் விட வேண்டும் என்பது இதற்குத்தான். என்னுடையது கம்பத்தில் நிற்பதால் தப்பித்தது.

அந்தப் பழைய பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி மாளவில்லை. நானும் மாடும் அதுவும் போட்டி போட்டுக் குடிக்கிறோம்.

11 ஜூன் 2024

நேற்று மழை. விளக்கு போட்ட ஐந்தாம் நிமிடம் ஈசல். பால் சொம்புக்குள் ஈசல், மாட்டு மூக்கில் ஈசல், என் சட்டைக்குள் ஈசல். மாடு உதைத்ததில் ஒன்றரை லிட்டர் போச்சு.

செய்தது இரண்டு. வெள்ளை பல்பை எடுத்துவிட்டு மஞ்சள் பல்பு போட்டேன். நீலம் கலந்த வெள்ளை வெளிச்சத்துக்குத்தான் பூச்சி அதிகம் வரும். அப்புறம், வாசல் விளக்கைக் கொட்டாயிலிருந்து பத்தடி தள்ளி வேலிக்கம்பத்துக்கு மாற்றினேன். வரும் கூட்டம் அங்கேயே கூடிக் கும்மியடிக்கட்டும். காலையில் கோழிகளுக்கு அந்தக் கம்பத்தடியில்தான் விருந்து.

வாசல் விளக்கை ராத்திரி முழுக்க ஏன் எரிய விடுகிறேன் என்று கேட்டவருக்கு: கட்டுவிரியன். ராத்திரியில்தான் திரியும். விளக்கைப் பார்த்துப் பயந்து அது ஓடாது. நான் கால் வைக்கும் இடம் எனக்குத் தெரிய வேண்டும்.

18 ஆகஸ்ட் 2024

ஏப்ரல் 14 அன்று எழுதிய பழைய டிராக்டர் பேட்டரி யோசனையை வாபஸ் வாங்குகிறேன். செத்துவிட்டது. பகல் முழுக்க ஏறி 12.7 காட்டும். விளக்கைப் போட்டதும் பத்து நிமிடத்தில் 11க்கு வந்துவிடும்.

இப்போது புரிந்ததை எழுதுகிறேன். வண்டி பேட்டரி ஒரு நொடி பெரிய கரண்ட் கொடுத்து இன்ஜினைச் சுற்றிவிட்டு, உடனே திரும்ப நிரம்பிக்கொள்ளச் செய்தது. உள்ளே தகடுகள் மெல்லியவை. ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாதிக்கு மேல் வடித்தெடுத்தால் தகடு உதிரும். அதோடு, 40 வாட் பேனலின் 2 ஆம்பியரால் அவ்வளவு பெரிய பேட்டரியை ஒரு நாளும் முழுசாக நிரப்ப முடியவில்லை. அரைவயிற்றோடு கிடக்கும் ஈய பேட்டரியில் சல்பேட் படிந்து இறுகிவிடும். இன்ஜினைச் சுற்ற முடியாமல்தானே அதைக் கழற்றி மூலையில் போட்டோம்? செத்ததை எடுத்து வந்து வேலைக்கு வைத்த புத்திசாலி நான்.

ஈயத்திலேயே வாங்குவதாக இருந்தால் இன்வெர்ட்டருக்குப் போடும் டியூபுலர் வாங்குங்கள். நான் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் 12.8 வோல்ட், 20 ஆம்பியர்-மணி வாங்கிவிட்டேன். கைப்பை அளவுதான். தண்ணீர் ஊற்ற வேண்டாம். 256 வாட்-மணியில் பெரும்பகுதியைப் பயமில்லாமல் எடுக்கலாம், வெயிலே இல்லாமல் இரண்டரை நாள் ஓடும். பேனலையும் 75 வாட் ஆக்கினேன்.

கன்ட்ரோலரில் பேட்டரி வகையை மாற்ற மறக்காதீர்கள். முதலில் பேட்டரியை மாட்டி, அப்புறம் பேனலை மாட்ட வேண்டும். கழற்றும்போது பேனல் முதலில். பேட்டரியின் வோல்ட்டைப் பார்த்துத்தான் கன்ட்ரோலர் இது 12ஆ 24ஆ என்று முடிவு செய்கிறது.

18 ஆகஸ்ட் 2024, இரவு

செலவு கேட்டீர்கள். இன்வெர்ட்டர், பழைய பேனல் போன்ற தண்டங்களைச் சேர்க்காமல் 13,000 தாண்டிவிட்டது. சேர்த்தால் வீட்டில் படிப்பார்கள், வேண்டாம்.

6 அக்டோபர் 2024

பியூஸ் போடாதவர்கள் இன்றைக்கே போடுங்கள். எலி ஒயரைக் கடித்து இரண்டு கம்பியும் தொட்டுக்கொண்டது. 12 வோல்ட்தானே என்று நானும் நினைத்திருந்தேன். ஷாக் அடிக்காதுதான். ஆனால் பேட்டரிக்குள் இருக்கும் கரண்ட் மொத்தமும் அந்த ஒரு புள்ளியில் பாய்ந்தால் செம்பு உருகும், பக்கத்தில் வைக்கோல். என் நல்ல நேரம், பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்திலேயே 10 ஆம்பியர் பியூஸ் இருந்தது. போனது ஐந்து ரூபாய். பியூஸைக் கொட்டாயில் பல்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் பிரயோஜனமே இல்லை. இடையில் இருக்கும் 20 மீட்டருக்கு யார் காவல்?

24 நவம்பர் 2024

ஒரு வாரமாக விளக்கு விடியும் முன் மங்குகிறது. வாங்கி மூன்று மாதம் சொச்சம்தான் ஆன பேட்டரி. வாங்கிய கடையில் கேட்டால், "நீங்க ஓவரா யூஸ் பண்றீங்க சார்" என்கிறார்கள். 17 வாட்டை நான் எப்படி ஓவராக யூஸ் பண்ணுவது?

வோல்ட்டைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. லித்தியத்தில் அதுதான் தொல்லை. முக்கால்வாசி இருந்தாலும் 13 சொச்சம், கால்வாசி இருந்தாலும் 13க்குப் பக்கம். கடைசி வரை சிரித்த முகத்தோடு இருந்துவிட்டுப் பொசுக்கென்று போய்விடும்.

7 டிசம்பர் 2024

எங்கள் பக்கம் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30ஆம் தேதி ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையேறியது. அதோடு முடிந்தது என்று நினைத்தோம். அது எங்கள் பக்கமும் வந்து கொட்டியது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை. ரோட்டோரம் நின்ற வண்டிகள் வெள்ளத்தில் போன வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். எங்களுக்குக் கொட்டாய் நின்றது, மரவள்ளி போச்சு. ஈ.பி. நாலு நாள் இல்லை.

ஊரே இருட்டாக இருந்தபோது மாட்டுக்கொட்டாயில் மட்டும் விளக்கு எரிந்தது. அக்கம்பக்கத்தில் ஏழெட்டுப் பேர் போன் சார்ஜ் போட வந்தார்கள். பெருமையாகத்தான் இருந்தது. 3ஆம் தேதி விடிகாலை 4.40க்கு, பால் கறந்துகொண்டிருக்கும்போது எல்லாம் அணைந்தது. பேட்டரியின் உள்ளே இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் வெட்டிவிட்டது. மீட்டர் வைத்தால் பூஜ்யம். கன்ட்ரோலருக்கோ பேட்டரி ஒன்று இருப்பதே தெரியவில்லை, அதனால் சார்ஜும் ஏற்றவில்லை. பைக் பேட்டரியைப் பிளஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ் பார்த்து ஒரு நிமிடம் இணையாகக் கொடுத்த பிறகுதான் கண் திறந்தது. மாற்றிக் கொடுத்தால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தப்பு என்னுடையது. விளக்குகளைக் கன்ட்ரோலரின் லோடு முனையில் கொடுக்காமல் நேராகப் பேட்டரியில் கொடுத்திருந்தேன். அவசரத்துக்கு மாட்டியது அப்படியே இருந்துவிட்டது. லோடு முனையில் கொடுத்திருந்தால், 12 வோல்ட்டில் கன்ட்ரோலரே விளக்கை அணைத்துப் பேட்டரிக்குக் கொஞ்சம் உயிர் மிச்சம் வைத்திருக்கும். மாற்றிவிட்டேன்.

அந்த நாட்களில் மதியம் 12 மணிக்கு 75 வாட் பேனலில் வந்தது 0.3 ஆம்பியர். நல்ல வெயிலில் 4 வரும். கறுத்த மேகத்தில் பத்தில் ஒரு பங்குகூட எதிர்பார்க்க வேண்டாம்.

7 டிசம்பர் 2024, மாலை

மேலே எழுதியதைப் போட்டுவிட்டுக் கொட்டாய்க்குப் போனேன். வெயில் பளீர் என்று அடிக்கிறது. மணி 11. மீட்டரில் 0.4 ஆம்பியர். ஒயரைத் தட்டினேன், கன்ட்ரோலரைத் திட்டினேன். தலையைத் தூக்கிப் பார்த்தால், புளியமரத்து நிழல் பேனலின் கீழ்ப் பாதியில் குந்தியிருக்கிறது.

மே 5 குறிப்பைப் படித்துச் சிரித்துக்கொள்ளுங்கள். சூரியன் வடக்கே இருந்தபோது நிழல் தெற்கே விழுந்தது. டிசம்பரில் சூரியன் தெற்கே போய்விட்டது. இங்கே மதியத்திலேயே 55 டிகிரி உயரம்தான். பேனலுக்கு மேலே மரம் 40 அடி நிற்கிறது என்றால் நிழல் 28 அடி நீளும். நான் கம்பம் நட்டது 25 அடியில். மூன்றடியில் கோட்டை விட்டேன். 36 செல்லும் தொடரில் இருப்பதால் ஒரு வரிசை மறைந்தாலே மொத்தமும் படுத்துவிடும். கடைக்காரர்மேல் கோபப்பட்டதற்கு வருத்தப்பட வேண்டியதுதான். ஓவராக யூஸ் பண்ணியது புளியமரம்.

அப்பாவிடம் சொன்னேன். "ஏன்டா, மரம் நடந்து வந்துருச்சா?" என்றார். கம்பம் நட்டபோதே இதைச் சொல்லியிருக்கலாமே என்றேன். "நீதான் படிச்சவன்" என்று முடித்துவிட்டார். மார்கழியில் அந்த மரத்தடி நிழல் எங்கே விழும் என்று ஐம்பது வருஷமாக அங்கே கடலை காய வைத்தவருக்குத் தெரியாதா?

16 ஜனவரி 2025

கம்பத்தைப் பிடுங்கி 40 அடிக்கு நகர்த்தியாயிற்று. நேற்று மாட்டுப் பொங்கல். கொம்புக்கு வர்ணம், கழுத்துக்கு மாலை, மிச்ச மாலையை அப்பா கம்பத்துக்குப் போட்டார். இப்போது பேனலில் மயில் உட்காருகிறது. அது விட்டுப்போகும் எச்சம் ஒரு செல்லை முழுசாக மூடும் அளவு. வாரம் ஒரு தடவை வெயில் ஏறும் முன் ஈரத்துணி.

2 பிப்ரவரி 2025

சூர்யகர் திட்டத்தில் இதைச் செய்ய முடியுமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். முடியாது. அது வீட்டு மாடியில் போட்டு ஈ.பி. லைனோடு இணைப்பது. 1 கிலோவாட்டுக்கு 30,000, 2க்கு 60,000, 3க்கும் அதற்கு மேலும் 78,000 மானியம். பில் அதிகம் கட்டுகிற வீட்டுக்கு நல்ல விஷயம். ஆனால் பேட்டரி இல்லாமல் போட்டால், கரண்ட் போகும்போது அதுவும் நிற்கும். லைனில் வேலை செய்யும் ஆளுக்கு உங்கள் மாடியிலிருந்து கரண்ட் பாயக் கூடாது அல்லவா, அதற்காகவே நிறுத்தும்படி செய்திருக்கிறார்கள். டிசம்பர் முதல் வாரத்தில் அது இருந்தும் ஊரோடு இருட்டில்தான் உட்கார்ந்திருப்பீர்கள்.

9 மார்ச் 2025

கேள்வி கேட்டவர் இவ்வளவு நாள் கழித்துத் திரும்ப வந்து எழுதியிருக்கிறார். நாங்கள் இங்கே ஒரு வருஷமாக ஒயரையும் புளியமரத்தையும் பேசிக்கொண்டிருந்தபோது, அவர் போன ஏப்ரலிலேயே அந்த 899 ரூபாய் விளக்கை வாங்கி மாட்டி, இன்றுவரை அது எரிகிறதாம்.

நம்பாமல் நானும் ஒன்று வாங்கினேன். வந்ததும் ஸ்க்ரூவைக் கழற்றினேன். உள்ளே 18650 என்னும் சின்ன லித்தியம் செல் இரண்டு. அட்டையில் '20,000' மில்லி ஆம்பியர்-மணி என்று போட்டிருக்கிறது. நல்ல 18650 ஒன்று 3,500 வாக்கில்தான் பிடிக்கும். இதில் அந்தத் தரமும் இருக்காது. முழு வெளிச்சத்தில் விட்டுப் பார்த்தேன், ஒன்றே முக்கால் மணி நேரம். பால் கறக்க இதை நம்பினால் மாடு சிரிக்கும்.

ஆனால் அவர் கேட்டது பால் கறக்க இல்லையே. வண்டியை விட, ஸ்பேனர் எடுக்க. சென்சாரில் போட்டால் ஆள் வந்தால் எரியும், போனால் அணையும். ஒரு தடவைக்கு இரண்டு நிமிடம், நாளைக்கு ஐந்தாறு தடவை. ஆறு வாட் பேனல் அதற்குத் தாராளம். முதல் நாள் நான் அவர் கேள்வியைப் படிக்காமல் என் கொட்டாயைப் பற்றிப் பேசிவிட்டேன்.

வாங்கியதை என்ன செய்வது? கோழிக்கூண்டுக்குள் மாட்டினேன். கோழி அசையும்போதெல்லாம் எரிந்து, அவற்றுக்குத் தூக்கம் போச்சு. இப்போது வெளியே, கதவுக்கு மேல். காட்டுப்பூனை வந்தால் பளிச்சென்று எரியும், நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொள்ளலாம்.

23 மார்ச் 2025

இரண்டு வாரத்தில் அந்த விளக்கில் மாட்டியது ஒரே ஒருவர். ராத்திரி இரண்டு மணிக்குப் பளிச்சென்று எரிந்ததும் கம்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். டாக்டர் நிறுத்தச் சொன்ன பீடியோடு அப்பா நின்றுகொண்டிருந்தார். விளக்கை வேறு பக்கம் திருப்பி வைக்கச் சொல்கிறார்.